கார்டு இல்லாத ராஜதானி

ஹிந்தியில் 2024 ஜூலை 5 அன்று வெளியான 'கில்' திரைப்படத்தைப் பற்றி நமது சங்கத்தில் மாறுபட்ட அபிப்பிராயம் சொன்ன ஒரே ஆசாமி நான்தான் போலிருக்கிறது. "முழுக்க முழுக்க ரயிலிலேயே நடக்கிற படம் மாமா, ஆயுசு பூரா ரயில்வேயில் இருந்தவர் நீங்க, உங்களுக்கே பிடிக்கலேன்னா எப்படி?" என்று இளைஞர்கள் மடக்குகிறார்கள். ரயில்வேயில் இருந்ததால்தான் பிடிக்கவில்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் திருப்தியில்லை. "வாயால் சொல்வதை எழுதித்தான் கொடுங்களேன்" என்று ஆசிரியரும் பக்கம் ஒதுக்கிவிட்டார்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஞ்சியில் நிச்சயதார்த்தம் முடித்த ஒரு பணக்காரக் குடும்பம் புதுதில்லி ராஜதானியில் ஏறுகிறது. பெண்ணின் பெயர் துலிகா. அவளைக் காதலிக்கும் அம்ரித் ஒரு கமாண்டோ வீரன். அவனும் தன் நண்பனோடு அதே வண்டியில் ஏறுகிறான். அன்றிரவு கத்தி, சுத்தியல் சகிதமாக ஒரு கொள்ளைக் கூட்டமும் அந்த வண்டியில் கிளம்புகிறது. அப்பன், பிள்ளை, சித்தப்பன், மச்சான் என்று ஒரே உறவுக்காரக் கூட்டம். அதில் ஃபனி என்ற இளைஞன்தான் எல்லோரையும்விடக் கொடியவன். படம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகும்போது அவன் துலிகாவைக் கொன்றுவிடுகிறான். அப்போதுதான் படத்தின் பெயரே திரையில் வருகிறது. அதுவரை கொள்ளையரை அடித்துப் போட்டுக்கொண்டிருந்த அம்ரித், அதன்பிறகு அவர்களைக் கொல்ல ஆரம்பிக்கிறான். மொத்தப் படம் 105 நிமிடம். மிச்சமுள்ள ஒரு மணி நேரத்துக்குக் கதை அவ்வளவுதான்.

நிகில் நாகேஷ் பட் இயக்கி, கரண் ஜோஹரும் குனீத் மோங்காவும் சேர்ந்து தயாரித்த இந்தப் படம் 2023-ல் டொரண்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுப் பிரிவில் முதலில் காட்டப்பட்டது. அங்கே ஒரே கைதட்டலாம். அமெரிக்காவிலும் வெளியானது. 'ஜான் விக்' படங்களை எடுத்த சாட் ஸ்டஹெல்ஸ்கி இதை ஆங்கிலத்தில் மறுபடி எடுக்கப் போவதாக அறிவிப்பும் வந்தது. நம் ஊர்ப் பத்திரிகைகளோ, இந்திய சினிமாவில் இதுவரை வராத சண்டைப் படம் என்று எழுதித் தீர்த்தன. இத்தனை பேருக்கு நடுவே ஒரு கிழவன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சந்தேகம் கிழவன் மேல்தான் விழும். அதனால் எது நன்றாக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டிகள் பிரமாதம். படப்பிடிப்புக்காகப் போட்ட செட் என்கிறார்கள். பெர்த், திரைச்சீலை, கதவுக்கருகில் கை கழுவும் தொட்டி, பெட்டிக்குப் பெட்டி போகும் வழி எல்லாம் அசல். கொரியாவைச் சேர்ந்த ஓ சே-யங்கும் நம் பர்வேஸ் ஷேக்கும் சண்டைகளை அமைத்திருக்கிறார்கள். அந்தக் குறுகலான நடைபாதையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அந்த நெருக்கடியை வைத்தே சண்டை போட வைத்திருக்கிறார்கள். கயிற்றில் தொங்கிப் பறப்பது, உதைத்தால் பத்தடி தள்ளிப்போய் விழுவது எல்லாம் இதில் இல்லை. ஃபனியாக வரும் ராகவ் ஜுயால் சிரித்துக்கொண்டே பயமுறுத்துகிறார். அவனுடைய அப்பா பேனியாக நம் 'கில்லி' படத்தில் விஜய்க்கு அப்பாவாக வந்த ஆசிஷ் வித்யார்த்தி. 'கில்லி'யிலும் அப்பா, 'கில்'லிலும் அப்பா! நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் குறை வேறு. இந்தப் படத்தில் ரயில் பெட்டி இருக்கிறது, ரயில் இல்லை.

ஓடும் ரயில் என்பது தனித்தீவு, உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு வெளியுலகம் கிடையாது என்பதுதான் இப்படிப்பட்ட கதைகளின் அஸ்திவாரம். இதில் கொள்ளையர் செல்போன் அலைகளைத் தடுக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். போன் வேலை செய்யாது. அதோடு வெளியுலகத் தொடர்பு தீர்ந்தது என்று படம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் செல்போன் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பிருந்தே ராத்திரி ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை யார் பார்த்துக்கொண்டார்கள்?

நீங்கள் ஊருக்குப் போகும்போது நடுநிசியில் தூக்கம் கலைந்து ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். வண்டி நிற்காத ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன். மங்கலான விளக்கடியில் ஒரு ஆள் பச்சை விளக்கைப் பிடித்தபடி நிற்பார். அவர் உங்களுக்கு வழியனுப்ப நிற்கவில்லை. என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை வண்டியை நோட்டம் பார்க்கிறார். எங்காவது அச்சு சூடேறிப் புகைகிறதா, அடியில் ஏதாவது தொங்கி இழுபடுகிறதா, கடைசிப் பெட்டியின் பின்விளக்கு எரிகிறதா என்று கவனிப்பது அவர் வேலை. என்ஜின் டிரைவரும் கடைசியில் உள்ள கார்டும் அவரோடு விளக்கைக் காட்டி 'எல்லாம் சரி' என்று சைகை பரிமாறிக்கொள்கிறார்கள். (2022 ஜனவரி முதல் கார்டுக்கு 'டிரெயின் மானேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் கார்டுதான்.) ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், அங்கே வண்டியை நிறுத்திவிடுவார்கள். லெவல் கிராஸிங் கேட்மேனும் இப்படித்தான் எழுந்து நின்று பார்க்கிறார். ஒரு ராத்திரியில் ஒரு ராஜதானியை இப்படிப் பார்க்கும் கண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வண்டிக்குள்ளேயும் அப்படித்தான். டிக்கெட் பரிசோதகர், பெட்டிக்குப் பெட்டி படுக்கை விரிப்புக் கொடுக்கும் பையன்கள், சமையல் பெட்டியில் விடியற்காலை டீக்குத் தண்ணீர் வைப்பவர்கள், ஏ.சி. மெக்கானிக், காவலுக்கு வரும் ரயில்வே போலீஸ். பிரயாணிகளைத் தவிர ஒரு சின்னக் கிராமமே அந்த வண்டியில் வேலை பார்க்கிறது. 'கில்' படம் முடிந்து எழுந்தபோது இவர்களில் ஒருவருடைய முகம்கூட என் நினைவில் தங்கவில்லை. பிரபு சாலமனின் 'தொடரி' (2016) ஒன்றும் பெரிய காவியமில்லை. அதில் நம்பமுடியாத விஷயங்கள் ஏராளம். ஆனாலும் தில்லியிலிருந்து சென்னை வரும் வண்டியில் டீ விற்கும் பான்ட்ரி ஊழியரை நாயகனாக வைத்து, ரயிலில் வேலை செய்கிறவனும் மனிதன்தான் என்று அந்தப் படம் நினைத்தது.

அபாயச் சங்கிலியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். என் பிழைப்பே அதுதானே! ஏதோ மணி அடிக்கிற சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி நெடுக ஒரு குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கிறது. அந்தக் காற்று இருக்கும் வரைதான் பிரேக் விட்டிருக்கும். சங்கிலியை இழுத்தால் அந்தக் குழாயிலிருந்து காற்று வெளியேறும். அழுத்தம் குறைவது என்ஜினில் டிரைவரின் முன்னால் இருக்கும் மானியில் தெரியும். எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று காட்ட அந்தப் பெட்டியின் வெளிப்பக்கம் விளக்கு எரியும். இதற்குச் செல்போன் சிக்னல் தேவையில்லை, மின்சாரம்கூட வேண்டாம். குழாய் துண்டானாலும் பிரேக் தானாகப் பிடிக்குமே தவிர வண்டி தறிகெட்டு ஓடாது. நம் வண்டிகளின் பாதுகாப்பு மொத்தமும் இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது. காரணமில்லாமல் இழுத்தால் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 141-வது பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். காரணத்தோடு இழுக்கத்தான் அதை ஒவ்வொரு பெட்டியிலும் பல இடங்களில் வைத்திருக்கிறோம். ரயிலில் கதை எடுக்கிறவர் இதையெல்லாம் ஒரு தடையாக நினைக்கிறார். எனக்கோ கதையே அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஒரு பெண்மணி சங்கிலிக்குக் கை நீட்டலாமா வேண்டாமா என்று தவிப்பதில் உள்ள பயம், பத்துப் பேர் மண்டை உடைவதில் இல்லை.

"சினிமாவுக்குப் போய் பிரேக் பைப்பைத் தேடினால் எப்படி மாமா?" என்று ஒரு பையன் கேட்டான். கேள்வி நியாயம்தான். ஆனால் சினிமாக்காரர்களைவிட நிஜத் திருடர்கள் ரயிலை நன்றாகப் படித்திருக்கிறார்கள்!

2016 ஆகஸ்டில் சேலம்–சென்னை எழும்பூர் எக்ஸ்பிரஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கிக்குப் போகவேண்டிய பழைய நோட்டுகள், 342 கோடி ரூபாய், 226 மரப்பெட்டிகளில் அடைத்துப் போய்க்கொண்டிருந்தன. எழும்பூரில் திறந்து பார்த்தால் கூரைத் தகட்டில் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. 5.78 கோடி ரூபாய் போய்விட்டது. காவலுக்குப் போலீஸ் அதே வண்டியில்தான் வந்துகொண்டிருந்தது. எப்படி முடிந்தது? சேலத்திலிருந்து விருத்தாசலம் வரைக்கும் அந்தக் காலத்தில் மின்சாரப் பாதை இல்லை, டீசல் என்ஜின்தான். மின்சாரப் பாதையாக இருந்தால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி போகும். கூரையில் ஏறுகிறவன் கம்பியைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே கரிக்கட்டைதான். (ரயில் கூரைமேல் ஓடி ஓடிச் சண்டை போடும் நாயகர்கள் எல்லோருக்கும் இதைச் சமர்ப்பிக்கிறேன்.) அந்தக் கும்பல் எங்கே கம்பி இல்லை, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு இறங்கியது. 2018-ல்தான் சி.பி.சி.ஐ.டி. போலீஸார் மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்றைப் பிடித்தார்கள். திருடி மூன்று மாதத்தில், 2016 நவம்பரில், 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது வேறு விஷயம். அந்தக் கொள்ளையில் ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. யாராவது அதைச் சரியாகப் படமாக எடுத்தால் மூச்சுவிடாமல் பார்க்கலாம்.

இனி என் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு ரயில் என்பது வெறும் வாகனமில்லை. வருஷத்தில் ஒரு மாதம் ஊர், மிச்சம் பதினொரு மாதம் இங்கே. இரண்டையும் முடிச்சுப் போடுவது ஜி.டி.யோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸோதான். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது நம் வீட்டுப் பெண்கள் நகைகளைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு ராத்திரி கண்மூடாமல் வந்தது யாருக்கு மறக்கும்? டிரங்குப் பெட்டியைப் பெர்த்துக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டு, "எந்த ஸ்டேஷன் வந்தது?" என்று மணிக்கொரு தரம் கேட்பார்கள். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்தும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. எதிர் பெர்த்துக்காரர் பஞ்சாபியாக இருப்பார், பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம். சாயங்காலம் நம் புளியோதரை அங்கே போகும், அவர்கள் ஆலு பராத்தா இங்கே வரும். ராத்திரி "நீங்க தூங்குங்க பாய் சாப், நான் முழிச்சிருக்கேன்" என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையில்தான் நாம் நாற்பது வருஷம் போய்வந்தோம்.

'கில்' படத்தில் பிரயாணிகள் இருக்கிறார்கள். அழுகிறார்கள், அடிபடுகிறார்கள், சாகிறார்கள். ஓரிருவரைக் கொஞ்சம் அருகில் காட்டவும் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் பெர்த்துக்கு மேல் மூட்டை முடிச்சு மாதிரிதான். நாயகனும் வில்லனும் மோதுவதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதுதான் அவர்களுக்கு வேலை. தீயணைப்புக் கருவியை எடுத்து ஒருவன் முகத்தில் அடிக்கும் காட்சிக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு அந்தக் கருவியைத்தான் தெரியும். வருஷந்தோறும் எடை பார்த்து, சீல் பார்த்து, தேதி எழுதி மாட்டிவிட்ட சாமான் அது.

1991 என்று நினைவு. ஒரு மெயில் வண்டியில் நள்ளிரவில் திருட வந்தவனோடு மல்லுக்கட்டிய பிரயாணி ஒருவர் கத்திக்குத்துப் பட்டு இறந்துபோனார். போலீஸார் தடயம் எடுத்து முடித்த பிறகு அந்த ஸ்லீப்பர் பெட்டி எங்கள் சிக் லைனுக்கு வந்தது. பழுதுபார்க்க வேண்டிய பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தும் தடத்துக்கு அப்படிப் பெயர். கீழ் பெர்த்தைக் கழற்றி ரெக்ஸின் மாற்றவேண்டும், தரைவிரிப்பைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டவேண்டும், பிறகு கழுவவேண்டும். வேலை என்று பார்த்தால் அரை நாள் வேலை. எங்கள் ஆட்கள் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், பாட்டுப் பாடாமல் ஸ்பானர் பிடிக்காதவர்கள். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. கழுவப் போன இருவரில் ஒருவர் பாதியில் இறங்கி வந்து, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே நின்றார். டீ வந்து ஆறிப்போயிற்று. பெர்த் பலகையைக் கழற்றியபோது சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு விழுந்து கிடந்தது. உள்ளே கண்ணாடியும், நான்காக மடித்த ஒரு தையற்கடை ரசீதும். இரண்டு சட்டை, ஒரு பாவாடை. வாங்கிக்கொள்ளவேண்டிய தேதி அடுத்த வாரம். ரயில்வே போலீஸில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். ஒரே ஒரு மனிதர் இறந்ததற்கு இத்தனையும். அந்தப் பெட்டி திரும்ப வண்டியில் சேர்ந்து போனபோது எங்கள் மேஸ்திரி அதன் கதவை ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

இதை உருக்கத்துக்காக எழுதவில்லை. 'கில்' படத்தில் ஓரிடத்தில் கொள்ளையரின் பிணங்களைப் பெட்டிக்குள் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பான் நாயகன். பார்த்தவர்கள் எல்லோரும் சிலாகித்துச் சொல்லும் காட்சி. எனக்கு அந்த நிமிஷம் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இந்த வண்டி காலையில் எந்த யார்டுக்குப் போகும்? இதை யார் இறக்குவார்கள், யார் கழுவுவார்கள்? படத்தில் அதற்கு ஆளே கிடையாது. ஆள் இல்லாததால்தான் இத்தனை சாவுகளை இவ்வளவு சுலபமாகக் காட்ட முடிகிறது.

படத்தைப் புகழ்கிறவர்களில் விவரமானவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். கொள்ளையரும் ஒரு குடும்பம்தான், செத்தவனைக் கட்டிக்கொண்டு அண்ணனும் அப்பனும் கதறுகிறார்கள், இப்படிக்கூட ஒருவன் கொல்வானா என்று வில்லனே நாயகனைப் பார்த்துக் கேட்கிறான், ஆகவே படம் வன்முறையைக் கேள்வி கேட்கிறது என்கிறார்கள். அந்தக் காட்சிகள் இருக்கின்றன. படத்தில் ஆகச் சிறந்த காட்சிகளும் அவைதான். நம் பேனி தன் ஆட்களின் பிணங்களைப் பார்க்கும் பார்வை கொஞ்ச நாளைக்கு மறக்காது. ஆனால் கேள்வி கேட்டவன் பதிலுக்கு நிற்கவேண்டாமா? ஒரு அழுகை, உடனே அடுத்த கொலை; அதுவும் முந்தியதைவிடப் புது மாதிரியாக. அழுகிறவனைக் காட்டி நம் மனத்தைக் கொஞ்சம் இளக்கிவிட்டு, அதே சூட்டில் அவனையும் தீர்த்துக்கட்டி விசில் வாங்கிக்கொள்கிறார்கள். துலிகாவின் கதையும் அதேதான். அந்தப் பெண் யார், என்ன படித்தாள், அப்பாவிடம் ஏன் வாய் திறக்கவில்லை என்பதில் யாருக்கும் அக்கறையில்லை. நாயகனுக்குக் கொலை செய்ய லைசென்ஸ் வேண்டும். அவள் சாவில் அது கிடைக்கிறது. மற்றபடி அவளுக்குப் படத்தில் வேலை இல்லை.

ரயிலையும் சண்டையையும் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்றில்லை. 'ஷோலே'யை (1975) எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை–புனே பாதையில் பன்வெல் பக்கம் ஏழு வாரத்துக்கு மேல் எடுத்த அந்தக் கூட்ஸ் வண்டிச் சண்டை. தண்டவாளத்தில் மரக்கட்டைகளை அடுக்கி மறிக்கிறார்கள், என்ஜின் இடித்துக்கொண்டு போகிறது. அதில் ரயிலின் கனம் தெரியும். ஜெய், வீரு, டாகூர் மூவரும் எப்படிப்பட்டவர்கள் என்பதும் அந்தச் சண்டையிலேயே தெரிந்துவிடும். மீதிக் கதை அதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் என் வோட்டு 1964-ல் வந்த 'தி டிரெயின்' படத்துக்குத்தான். ஜான் ஃபிராங்கன்ஹைமர் எடுத்தது. 1944 ஆகஸ்ட், ஜெர்மானியர் பாரிஸை விட்டு ஓடும் நேரம். ஒரு ஜெர்மன் கர்னல் பிரான்சின் விலைமதிப்பற்ற ஓவியங்களை ஒரு ரயிலில் ஏற்றி ஜெர்மனிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். தடுக்கவேண்டியது ரயில்வேக்காரர்கள். பர்ட் லங்காஸ்டர் அதில் யார்டு அதிகாரி. கிழ டிரைவர் ஒருவர் எண்ணெய்க் குழாயில் காசுகளைப் போட்டு அடைத்து என்ஜினை முடக்குகிறார். அதற்காக அவரைச் சுட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு ராத்திரி. டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னல்காரர் எல்லோரும் சேர்ந்து ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளையே மாற்றி மாட்டி, வண்டி ஜெர்மனிக்குள் போகிறது என்று காவலுக்கு வரும் சிப்பாய்களை நம்பவைத்து, சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள்! பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ஜின்கள் மோதுவதும் நிஜ என்ஜின்கள்தான், பொம்மை இல்லை. லங்காஸ்டர் உலோகத்தை உருக்கி ஊற்றி பேரிங் செய்யும் ஒரு காட்சி வரும். வொர்க்ஷாப்பில் அப்ரெண்டிஸாக இருந்தவன் எவனும் அதைப் பார்த்துக் கண் கலங்குவான்.

அந்தப் படத்திலும் சாவு நிறைய. இந்த ஓவியங்களுக்காக என் ஆட்கள் ஏன் சாகவேண்டும் என்று லங்காஸ்டர் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கடைசியில் வண்டி நின்றுவிடுகிறது. என்ஜினில் வைத்துக் கொண்டுவந்த பணயக் கைதிகள் சரிவில் செத்துக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ஓவியர்களின் பெயர் எழுதிய மரப்பெட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. காமிரா இதையும் அதையும் மாறி மாறிக் காட்டுகிறது, வசனம் இல்லை. அடுத்த சண்டைக்கு அவசரமும் இல்லை. கர்னலைச் சுட்டுவிட்டு லங்காஸ்டர் நொண்டிக்கொண்டே நடந்து போகிறார். அவர் ஜெயித்தாரா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அந்தப் பையன் விடவில்லை. "ரெண்டையும் ஒப்பிடறது நியாயமா மாமா? அது யுத்தப் படம், இது வெறும் சண்டைப் படம்" என்றான். இருக்கட்டும். நம் சங்கத்தில் மாதம் ஒரு படம் போடும் வழக்கத்தில் அடுத்த மாதம் படம் தேர்ந்தெடுக்கும் முறை என்னுடையது. 'தி டிரெயின்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கறுப்பு வெள்ளை, இரண்டு மணி பதின்மூன்று நிமிடம். பாதியில் காபி உண்டு. அந்தப் பையனை முன் வரிசையில் என் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.